முதியோர் மறதி நோயும் இரத்தப் பரிசோதனையும்

நம் சங்கங்களின் உறுப்பினர் பதிவேட்டைப் புரட்டிப் பார்ப்போர்க்கு, அறுபது வயதைக் கடந்தவர் எத்துணைப் பேர் என்பது எளிதில் விளங்கும். இளைஞர் பலர் தறியை விட்டு வேறு தொழிலுக்குச் சென்றுவிட்டமையால், நெசவாளர் சங்கங்களில் முதியவர் தொகை மிகுந்து வருகிறது. கரிசல் நிலத்தில் பருத்தியும் மிளகாயும் உளுந்தும் பயிரிடுவோர் நிலையும் ஏறத்தாழ அதுவே. ஆகவே முதுமைக்குரிய நோய்களைப் பற்றி அறிந்துகொள்வது குடும்பத்துக்கு மட்டுமன்றிச் சங்கத்துக்கும் கடமையாகிறது. அவற்றுள் ஒன்றான மறதி நோயைப் பற்றியும், இரத்தத்திலுள்ள சில புரதங்களைக் கொண்டு அதனைக் கண்டறிவதற்கு நடைபெறும் ஆராய்ச்சியைப் பற்றியும் இக்கட்டுரையில் எடுத்துரைக்க விரும்புகிறேன்.

ஒரு விசாரணையில் கற்ற பாடம்

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நெசவாளர் சங்கத்தில் விசாரணை நடத்த நேர்ந்தது. எழுபது வயதை நெருங்கிய உறுப்பினர் ஒருவர், தாம் நெய்து கொடுத்த இரண்டு பாவுகளுக்கான கூலி தமக்கு வழங்கப்படவில்லை என்று மனுச் செய்திருந்தார். கூலிப் பட்டியலிலோ அவருடைய கையெழுத்து இருந்தது. முந்திய ஆண்டுகளின் கையெழுத்துக்களோடு அதனை ஒப்பிட்டேன். எழுத்துக்கள் கோணி, இடம் பிறழ்ந்து, வேறொருவர் இட்டவை போலத் தோன்றின. செயலாளர் மீது ஐயங்கொண்டு, எழுத்து மூலம் விளக்கம் கேட்டேன். செய்தி ஊரில் பரவிற்று. மூன்று மாத காலம் அந்தச் செயலாளர் எவர் முகத்தையும் நிமிர்ந்து பார்க்காமல் நடமாடினார்.

பின்னர் மனுதாரரின் வீட்டுக்குச் சென்று அவருடைய மனைவியாரை விசாரித்தேன். அந்த அம்மையார் கூறியது இது: "அவுக ரெண்டு வருசமாவே இப்படித்தாம்யா இருக்காக. காலைல சாப்பிட்டத மத்தியானம் சாப்பிடலங்கிறாக. வயசாயிட்டுல்லா, அப்படித்தான் இருக்கும்னு விட்டுட்டோம்." கூலிப் பணம் அரிசிப் பானைக்குள் ஒரு துணி முடிப்பில் இருந்தது. கையெழுத்தும் அவர் இட்டதே. நோய்தான் அதன் வடிவத்தை மாற்றியிருந்தது. இதனை அறியாத நான் ஒரு நேர்மையாளரைக் குற்றவாளியாகக் கருதினேன். இக்கட்டுரையை எழுதத் தூண்டியது அந்நிகழ்ச்சியே.

மறதி வேறு, மறதி நோய் வேறு

நூற்கட்டை எங்கு வைத்தோம் என்று மறந்து தேடுவது வயதானவர்க்கு இயல்பு. நூல் வாங்கியதையே மறந்து, வாங்கவில்லை என்று வாதிடுவது நோயின் அறிகுறி. நன்கு பழகிய வழியில் தடுமாறுதல், கொடுக்கல் வாங்கல் கணக்கில் குழப்பம், சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்லுதல், காரணமின்றிப் பிறரைச் சந்தேகித்தல் ஆகியவையும் அறிகுறிகளே. இவை மெல்ல மெல்ல மிகுந்து, அன்றாட வாழ்க்கையைத் தாமாக நடத்திக்கொள்ள இயலாத நிலை ஏற்படுமாயின், அதனை டாக்டர்கள் 'டிமென்ஷியா' என்பர்.

டிமென்ஷியா என்பது பல நோய்களுக்குரிய பொதுப் பெயர். அவற்றுள் பெரும்பான்மையாகக் காணப்படுவது அல்சைமர் நோய். இரத்த அழுத்தம், நீரிழிவு முதலியவற்றால் மூளையின் இரத்தக் குழாய்கள் கெட்டு உண்டாவது மற்றொரு வகை. இரண்டும் ஒருவரிடமே சேர்ந்திருப்பதும் உண்டு. இவையன்றி, மறதி நோய் போலவே தோன்றி, சிகிச்சையால் பெரிதும் சீர்படக்கூடிய குறைகளும் உள. வைட்டமின் பி-12 குறைவு, தைராய்டுச் சுரப்புக் குறைவு, மனச்சோர்வு, தலையில் அடிபட்டபின் மூளையின் மேல் தங்கும் இரத்தக் கட்டு, சிலவகை மருந்துகளின் விளைவு ஆகியவை அத்தகையன. ஆதலின் 'வயதின் கோளாறு' என்று வாளாவிருப்பது, தீர்க்கக்கூடிய நோயையும் தீர்க்காமல் விடுவதாகும்.

இந்நோயின் இயல்பில் கவனிக்கத்தக்க செய்தி ஒன்றுண்டு. அண்மைச் செய்திகள் முதலில் மறந்துபோகும். நெடுநாட் கைப்பழக்கமோ பெரும்பாலும் நிலைத்து நிற்கும். மேற்சொன்ன முதியவரும் தறியில் அமர்ந்தால் அறுந்த இழையைப் பிழையின்றி முடிந்துவிடுவார். அதனாலேயே அவரை நோயாளி என்று எவரும் கருதவில்லை.

2023-ஆம் ஆண்டு வெளியான ஓர் அகில இந்திய ஆய்வின்படி, நம் நாட்டில் 60 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களில் 7.4 சதவிகிதத்தினருக்கு, அதாவது ஏறத்தாழ 88 லட்சம் பேருக்கு இந்நோய் உள்ளது. ஆண்களைவிடப் பெண்களிடமும், நகரத்தைவிடக் கிராமத்திலும் இது மிகுதியாகக் காணப்பட்டது.

திறவாத சிப்பி

ஜெர்மானிய மருத்துவர் அலோயிஸ் அல்சைமர், தாம் முன்னர்ச் சிகிச்சை அளித்த ஆகுஸ்டே டெட்டர் என்னும் பெண்மணி 1906-ஆம் ஆண்டு இறந்தபின், அவருடைய மூளையை நுண்நோக்கியில் வைத்து ஆராய்ந்தார். நரம்பணுக்களுக்கு வெளியே ஒருவகைப் படிவுகளும், அணுக்களுக்குள்ளே நூற்சிக்குப் போன்ற முறுக்கிய இழைகளும் இருக்கக் கண்டார். படிவுகளில் இருப்பது அமிலாய்டு பீட்டா என்னும் புரதம் என்பதும், சிக்குகளில் இருப்பது டாவ் என்னும் புரதம் என்பதும் பிற்காலத்தில் தெளிவாயின. ஆயினும் நெடுங்காலம் வரை, ஒருவருக்கு இருந்தது அல்சைமர் நோய்தானா என்பதை அவர் இறந்தபின் மூளையைச் சோதித்தே உறுதி செய்ய முடிந்தது.

நம் தூத்துக்குடிக் கடற்கரையோர்க்கு இந்நிலையை விளக்க நெடிய உரை வேண்டுவதில்லை. முத்துச் சிப்பியைத் திறந்தால்தான் உள்ளே முத்து உண்டா இல்லையா என்பது தெரியும். திறந்த சிப்பி பிழைப்பதில்லை. இங்கே 1955 முதல் 1961 வரை முத்துக்குளிப்பு நடைபெற்றது. கடலடியிலுள்ள பார்களை முன்னதாகச் சோதித்து, மாதிரிச் சிப்பிகளை எடுத்துத் திறந்து, கிடைத்த முத்துக்களின் மதிப்பைக் கணித்து, அந்தப் பாரில் குளிப்பது ஆதாயம் தருமா என்று முடிவு செய்வதே இத்தொழிலின் நெடுநாள் வழக்கம். சிறு மாதிரியைக் கொண்டு பெரிய பாரின் நிலையை அறியும் அம்முறை போலவே, சிறிதளவு இரத்தத்தைக் கொண்டு, திறந்து பார்க்க இயலாத மூளையின் நிலையை அறிய முடியுமா என்பதே இன்றைய ஆராய்ச்சியின் கேள்வி.

உயிரோடிருப்பவரின் மூளையில் அமிலாய்டு படிந்திருப்பதை அறிய இரு வழிகள் ஏற்கெனவே உள்ளன. ஒன்று, 'பெட்' எனப்படும் சிறப்புப் படம். இதற்குச் செலவு மிகுதி. வசதியோ பெருநகரங்களில்தான் உண்டு. மற்றொன்று, முதுகுத் தண்டில் ஊசி செலுத்தி அங்குள்ள நீரை எடுத்துச் சோதிப்பது. இதற்கு முதியோர் அஞ்சுவர். கிராமத்தில் உள்ளவர்க்கு இவ்விரண்டும் எட்டாதவை. எனவே பெரும்பாலும் கேள்வி கேட்டு நினைவாற்றலைச் சோதிக்கும் முறையே கையாளப்படுகிறது. அதிலும் ஓர் இடர்ப்பாடு உண்டு.

எழுத்தறியாதவரின் இடர்ப்பாடு

வழக்கமான நினைவுச் சோதனைகளில், இன்றைய தேதி என்ன, நூறிலிருந்து ஏழேழாகக் கழித்துச் சொல்க, ஒரு வாக்கியம் எழுதுக, இவ்வுருவத்தைப் பார்த்து வரைக என்று கேட்பர். பள்ளிக்கூட வாசலையே மிதித்திராத ஒரு மூதாட்டி, அறிவு தெளிவாக இருக்கும்போதே இவற்றில் தோற்கக்கூடும். நன்கு படித்த ஒருவரோ, நோய் தொடங்கிய பின்னும் பழைய கல்வியின் துணையால் தேறிவிடுவார். நம் முதியவருக்கும் இதுவே நேர்ந்தது. பெயரை மட்டும் எழுதக் கற்றிருந்த அவரிடம், விடை தெரியாமைக்குக் காரணம் நோயா, கல்வியின்மையா என்று பிரித்தறிய டாக்டர்களுக்குப் பல வருகைகள் தேவைப்பட்டன. நோய் உறுதியாக ஏறத்தாழ ஓராண்டு ஆயிற்று.

இந்த இடர்ப்பாட்டைத் தீர்க்கும் முயற்சியில் தமிழ்நாட்டுக்கும் பங்கு உண்டு. மறதி நோயாளிகளில் மூன்றில் இரு பங்கினர் வளரும் நாடுகளில் இருந்தும், அவர்களைப் பற்றிய ஆராய்ச்சி பத்தில் ஒரு பங்கும் இல்லை என்னும் குறையைச் சுட்டி, '10/66' என்ற பெயரில் ஓர் ஆராய்ச்சிக் குழு 1998-ஆம் ஆண்டு கொச்சியில் தோன்றிற்று. அக்குழு ஏழு நாடுகளில் நடத்திய கணக்கெடுப்பில், இந்தியாவுக்காகச் சென்னை நகரமும் வேலூர் வட்டாரக் கிராமங்களும் இடம் பெற்றன. 2008-இல் வெளியான முடிவு சிந்திக்கத்தக்கது. அமெரிக்க வரையறையைக் கொண்டு அளந்தபோது, இந்தியக் கிராமங்களில் 65 வயதுக்கு மேற்பட்டோரில் நோயுற்றவர் 0.3 சதவிகிதமே எனத் தெரிந்தது. கல்வி வேறுபாட்டையும் பண்பாட்டு வேறுபாட்டையும் கருத்திற்கொண்டு அக்குழுவே அமைத்த அளவுகோலைக் கொண்டு அளந்தபோதோ, எந்த நாட்டிலும் அந்த எண் 5.6 சதவிகிதத்துக்குக் குறையவில்லை. நோயாளியின் நிலையைக் குடும்பத்தார் ஒரு குறையாக எடுத்துச் சொல்லாமையும் இவ்வேறுபாட்டுக்கு ஒரு காரணம் எனக் கண்டனர். "வயசாயிட்டுல்லா" என்ற சொல்லுக்குப் பின்னால் எத்துணைப் பேர் மறைந்துள்ளனர் என்பதை இது காட்டுகிறது.

இரத்தப் பரிசோதனையின் சிறப்பு இங்கேதான் விளங்குகிறது. இரத்தம் பள்ளிக்கூடச் சான்று கேட்பதில்லை. கையெழுத்திடுவோர்க்கும் கைநாட்டு வைப்போர்க்கும் ஒரே அளவுகோலாக அது அமையக்கூடும்.

இரத்தத்தில் தேடப்படும் புரதங்கள்

நம் இரத்தத்தில் ஆயிரக்கணக்கான வகைப் புரதங்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன. மூளைக்கும் இரத்தத்துக்கும் இடையே இயற்கை ஒரு நெருக்கமான தடுப்பை அமைத்துள்ளது. ஆயினும் மூளையில் சேதம் ஏற்படும்போது, அங்குள்ள சில புரதங்கள் மிகச் சிறு அளவில் இரத்தத்தில் வந்து கலக்கின்றன. அவற்றுள் முக்கியமானவை நான்கு.

முதலாவது அமிலாய்டு பீட்டா. இதில் 42 என்றும் 40 என்றும் குறிக்கப்படும் இரு வகைகள் உண்டு. 42 என்னும் வகை மூளையில் படியப் படிய, இரத்தத்தில் அதன் விகிதம் குறைகிறது. இரண்டாவது பி-டாவ் 217. டாவ் புரதத்தின் குறிப்பிட்ட ஓரிடத்தில் பாஸ்பரஸ் கலந்த கூறு ஒன்று ஒட்டிக்கொள்ளுவதால் உண்டாகும் வடிவம் இது. அல்சைமர் நோயின் தொடக்கத்திலேயே இது உயர்வதால், இன்று மிகுந்த நம்பிக்கை பெற்றுள்ளது இதுவே. மூன்றாவது, நரம்பணுவின் நீண்ட இழைக்கு உறுதி தரும் நரம்பிழைப் புரதம். பாவின் இழை அறுந்தால் தறியடியில் துணுக்குகள் உதிர்வது போல, நரம்பிழை சிதையும்போது இது வெளிப்படுகிறது. எந்த நோயால் சிதைந்தது என்பதை மட்டும் இது கூறுவதில்லை. நான்காவது ஜி.எஃப்.ஏ.பி. என்பது. நரம்பணுக்களைத் தாங்கி நிற்கும் துணை அணுக்கள் கிளர்ச்சியுறும்போது இது மிகுகிறது.

கையிலிருந்து சிறு குழாயளவு இரத்தம் எடுத்து, அதனைச் சுழல் இயந்திரத்தில் சுற்றினால், சிவப்பணுக்கள் அடியில் தங்கி, மஞ்சள் நிறத் தெளிநீர் மேலே நிற்கும். சோதிக்கப்படுவது அந்நீரே. பூட்டுக்கு ஏற்ற சாவி போல, குறிப்பிட்ட ஒரு புரதத்தை மட்டும் பற்றிக்கொள்ளும் எதிர்ப்பொருளை அதில் இட்டு, பற்றிய அளவை ஒளியின் வாயிலாக அளக்கின்றனர். ஒரு கிராமை ஒரு லட்சம் கோடிப் பங்காக்கினால் அதில் ஒரு பங்கு எவ்வளவோ, ஏறத்தாழ அவ்வளவோ அதனினும் குறைவோதான் ஒரு மில்லி லிட்டர் நீரில் பி-டாவ் 217 உள்ளது. இத்துணை நுண்ணிய அளவைக் காணும் கருவிகள் அண்மைக் காலத்தில்தான் தோன்றின.

இதுவரை கண்டவை

ஆங்கில நாட்டில் பல்லாயிரம் மக்களிடம் 2006 முதல் 2010 வரை இரத்தம் பெற்றுக் குளிரூட்டிப் பாதுகாத்து வைத்துள்ளனர். அவர்களுள் அப்போது மறதி நோய் இல்லாத 52,645 பேரின் இரத்தத்தில் 1,463 புரதங்களை அளந்து செய்த ஓர் ஆராய்ச்சி 2024-இல் வெளியாயிற்று. இடைப்பட்ட காலத்தில் அவர்களுள் 1,417 பேருக்கு மறதி நோய் கண்டிருந்தது. அவர்களுடைய பழைய இரத்தத்தை ஆராய்ந்தபோது, மேற்கூறிய ஜி.எஃப்.ஏ.பி.யும் நரம்பிழைப் புரதமும் வேறு சிலவும், நோய் வெளிப்படுவதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்னரே மாறுபட்டிருந்தமை புலனாயிற்று.

2025-ஆம் ஆண்டு மே மாதம், அமெரிக்க நாட்டின் உணவு மருந்து நிர்வாகம், அல்சைமர் நோயை அறிய உதவும் இரத்தப் பரிசோதனை ஒன்றுக்கு முதன்முறையாக அனுமதி வழங்கிற்று. பி-டாவ் 217-க்கும் அமிலாய்டு 42-க்கும் உள்ள விகிதத்தை அளப்பது அது. 499 பேரின் இரத்தத்தைக் கொண்டு சோதித்ததில், 'உண்டு' எனக் காட்டியவர்களில் 91.7 சதவிகிதத்தினருக்கு அமிலாய்டு படிவு உண்மையாகவே இருந்தது. 'இல்லை' எனக் காட்டியவர்களில் 97.3 சதவிகிதத்தினருக்கு அது இல்லை. ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவானவர்களுக்கு விடை இரண்டுங்கெட்டானாக அமைந்தது. 55 வயதுக்கு மேற்பட்டு, நோயின் அறிகுறியும் உள்ளவர்க்கே இது உரியது என்றும், இதனை மட்டும் கொண்டு முடிவு கூறலாகாது என்றும் அந்நிர்வாகம் வரையறுத்துள்ளது.

கணக்கு ஒன்று

அறிகுறி இல்லாதவர்க்கும் ஏன் இதனைச் செய்யலாகாது என உறுப்பினர்கள் வினவலாம். கணக்கு அறிந்தவர்க்கு விடை எளிது. நோயுள்ள 100 பேரில் 90 பேரைச் சரியாகக் காட்டி, நோயற்ற 100 பேரில் 90 பேரைச் சரியாக விலக்கும் ஒரு பரிசோதனை இருப்பதாகக் கொள்வோம். 1,000 முதியோரில் 70 பேருக்கு நோய் உண்டு எனவும் வைத்துக்கொள்வோம். அவர்களில் 63 பேரை அது கண்டுபிடிக்கும். நோயற்ற 930 பேரிலோ 93 பேருக்குத் தவறாக 'உண்டு' என்று காட்டும். ஆக, 'உண்டு' எனப் பெயர் பெற்ற 156 பேரில் 93 பேர் நோயற்றவர்கள்! ஒரு நேர்மையாளரைக் குற்றவாளியாக்கிய என் விசாரணைக்கும் இதற்கும் வேற்றுமை இல்லை. ஆகவே விளம்பரங்களைக் கண்டு, குறை ஒன்றுமில்லாதவர் பணம் கொடுத்து இச்சோதனையைச் செய்துகொள்ள வேண்டுவதில்லை.

சிறுநீரகம் நன்கு இயங்காதவர்களுக்கு நோய் இல்லாமலே இப்புரதங்களில் சில உயர்ந்து காணப்படும். உடற்பருமன் மிகுந்தவர்களுக்குக் குறைந்து காணப்படும். நீரிழிவால் சிறுநீரகக் கோளாறு பரவியுள்ள நம் நாட்டில் இதனை மறத்தலாகாது. இன்னும், படிவு உண்டு என்று அறிந்தாலும் நோயை அடியோடு தீர்க்கும் மருந்து இன்றுவரை இல்லை. அண்மையில் வந்துள்ள சில மருந்துகள் நோயின் வேகத்தை ஓரளவே தணிக்கின்றன. அவற்றால் மூளையில் வீக்கமும் இரத்தக் கசிவும் நேர்வதுண்டு.

நம் பாரை நாமே சோதிக்க வேண்டும்

ஒரு பாரின் மாதிரிச் சிப்பியைக் கொண்டு வேறொரு பாருக்கு விலை கூறுதல் முத்துத் தொழிலில் தகாது. இரத்தப் பரிசோதனையிலும் நியாயம் அதுவே. வெளிநாட்டாரின் இரத்தத்தை வைத்து வகுத்த எல்லை எண்கள், உணவிலும் உடலமைப்பிலும் உடனிருக்கும் நோய்களிலும் வேறுபட்ட நமக்கு அப்படியே பொருந்தும் என்று கொள்ள இயலாது. நம் மக்களிடமே அவற்றைச் சோதித்தாக வேண்டும்.

இப்பணி நம் அண்டை மாநிலத்தில் நடைபெற்று வருகிறது. கர்நாடகத்தின் கோலார் மாவட்டத்தில், மாம்பழத்துக்குப் பெயர்பெற்ற ஸ்ரீநிவாசபுர வட்டத்தின் கிராமங்களில், 45 வயதும் அதற்கு மேலும் உள்ள 10,000 பேரை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து கவனிக்கும் ஆய்வு 2018-இல் தொடங்கிற்று. நடத்துவது பெங்களூரு இந்திய விஞ்ஞானக் கழகத்தைச் சேர்ந்த மூளை ஆராய்ச்சி மையம். பங்கு கொள்வோரின் நினைவாற்றலைச் சோதித்து, மூளையைப் படமெடுத்து, இரத்தத்தையும் பெற்று ஆராய்கின்றனர். அவ்வூரார் நம்மைப் போன்ற விவசாயக் குடும்பத்தினர். தங்கள் இரத்தத்தைத் தந்து பிறர்க்குரிய அளவுகோலைச் செய்ய உதவும் அவர்கள் செயல், கூட்டுறவின் பொருளை நன்கு உணர்த்துகிறது. நம் மாவட்டத்துக்கும் இத்தகைய ஆய்வு வருமாயின், இரத்தம் எதற்காக எடுக்கப்படுகிறது, எங்கே வைக்கப்படும், முடிவு நமக்குச் சொல்லப்படுமா என்பவற்றைத் தெளிவாகக் கேட்டறிந்து, மனமொப்பினால் பங்கு கொள்ளலாம்.

சங்கமும் உறுப்பினரும் செய்யத்தக்கவை

1. முதிய உறுப்பினரின் கையெழுத்து மாறுதல், கடன் தவணை மறத்தல், ஒரே நூலை இருமுறை கேட்டல், கரை நெசவில் எண்ணிக்கை தவறுதல் ஆகியவற்றைக் கண்டால், குற்றம் எனக் கருதுமுன் நோயோ என்று ஐயுறுக. குடும்பத்தாரைத் தனியே அழைத்துப் பக்குவமாகக் கூறுக.

2. பணம் வழங்கும்போது, அவர் ஒப்புதலோடு குடும்பத்தார் ஒருவரையும் உடன் வைத்து வழங்குக.

3. அறிகுறி உள்ளவரை அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்க. பி-12, தைராய்டு முதலிய எளிய சோதனைகளை முதலில் செய்யுமாறு கேட்க.

4. வாரிசு நியமனம், உயில், நிலப் பத்திரம் ஆகியவற்றை அறிவு தெளிவாக இருக்கும்போதே முடித்துக்கொள்க. பின்னர் இட்ட கையெழுத்துக்களே வழக்குக்கு இடமாகும்.

5. இரத்த அழுத்தத்தையும் நீரிழிவையும் கட்டுப்பாட்டில் வைத்துக்கொள்க. புகையையும் மதுவையும் விலக்குக. காது மந்தமானால் கருவி பொருத்திக்கொள்க. தனிமையைத் தவிர்க்க. இத்தகைய 14 காரணங்களைக் களைந்தால், உலகில் மறதி நோயில் ஏறத்தாழ 45 சதவிகிதத்தைத் தடுக்கவோ தாமதப்படுத்தவோ கூடும் என 2024-இல் மருத்துவ நிபுணர் குழு ஒன்று மதிப்பிட்டுள்ளது.

முடிவுரை

செயலாளரிடம் விளக்கம் கேட்ட குறிப்பை நான் திரும்பப் பெற்றேன். அவர் குற்றமற்றவர் என்பதைப் பேரவைக் கூட்டத்தில் படித்துப் பதிவு செய்தேன். அவர் மனப்புண் முற்றும் ஆறியதா என்பதை நான் அறியேன். அதன் பின்னும் முதியவருக்கு உரிய கூலியை அச்செயலாளரே மாதந்தோறும் அவர் வீட்டுக்குக் கொண்டுசென்று, மனைவியார் முன்னிலையில் எண்ணிக் கொடுத்து வந்தார். முதியவர் தறியில் இருந்தவரை அது தவறவில்லை.

நம் இரத்தத்தில் சோதித்து, நம் எளியவர்க்கும் கட்டுப்படியாகும் விலையில் நம்பத்தக்க பரிசோதனை வருமாயின், ஓராண்டு அலைச்சல் ஒரு வாரத்தில் முடியலாம். அந்நாள் வரும்வரை நம்மிடம் உள்ள கருவி, ஒருவரையொருவர் அறிந்த சங்கத்தாரின் கவனமே. உறுப்பினரின் கணக்கைக் காக்கும் சங்கம், கணக்கை மறந்துபோன உறுப்பினரையும் காக்கக் கடமைப்பட்டது.